கபாலி பார்க்கும் திசையில்

மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் மேற்கு நோக்கி, தெப்பக்குளத்தைப் பார்த்தபடி எழுந்தருளியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக அவர் சன்னிதியில் நிற்கும் எனக்கு, அந்தத் திசையில் நம் நாடு முடியும் இடத்தைக் காண வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. தென்கோடியான குமரிக்கு எல்லோரும் போகிறோம். மேற்குக் கோடியில், குஜராத்தின் கச்சுப் பகுதியில், கோடேஸ்வர் என்றொரு சிவத்தலம் இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பங்குனி பிறந்த வாரத்தில் புறப்பட்டேன். மூட்டுவலியால் மனைவி வரவில்லை. அவர் மடித்துக் கொடுத்த கபாலி கோயில் விபூதிப் பொட்டலம் சட்டைப்பையில் வந்தது. அகமதாபாத் வரை ரயில், பிறகு புஜ், அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கார்ப் பயணம். வழியெங்கும் சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

மானசரோவரம், பம்பை முதலிய ஐந்து புனித ஏரிகளில் ஒன்றான நாராயண் சரோவரில் கால் நனைத்துவிட்டுக் கோடேஸ்வர் சேர்ந்தேன். சிவனிடம் வரமாகப் பெற்ற லிங்கத்தை இராவணன் இங்கே தவறவிட, அது கோடி லிங்கங்களாகப் பெருகியதாம். உண்மையானதை அடையாளம் காண முடியாமல் அவன் வேறொன்றை எடுத்துச் செல்ல, மூலலிங்கம் இங்கேயே தங்கிவிட்டது என்கிறது தலபுராணம். அண்ணனுக்குக் கோடேஸ்வர், தம்பி விபீஷணனுக்கு ஸ்ரீரங்கம். இலங்கைக்குக் கொண்டுபோக நினைத்த தெய்வங்கள் இருவருக்கும் வழியிலேயே நின்றுவிட்டன.

கோயிலை ஒட்டிக் கோரி கழிமுகம் விரிகிறது. மேற்குக் கோடியில் மக்கள் வாழும் கடைசி ஊர் என்று சொல்லப்படும் குஹார் மோட்டி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது; அதற்கப்பால் சர் கிரீக் என்ற கடற்கழியும் பாகிஸ்தான் எல்லையும்.

மாலை ஆறரைக்கு மனைவி கைபேசியில் அழைத்தார். “விளக்கேத்தியாச்சுங்க. அங்க இருட்டிடுச்சா?” என்றார். எனக்கோ வெயிலில் கண் கூசியது. நாடு முழுவதற்கும் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஒரே நேரம் என்பதால், சென்னையில் அந்தி சாய்ந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இங்கே கதிரவன் இறங்குகிறான். ஏழு மணியைக் கடந்து, சிவந்த வட்டம் கழிமுகத்து நீரில் முழுகியபோது உள்ளே ஆரத்தி மணி அடித்தது. அவரும் கேட்கட்டும் என்று அழைத்தேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.