தபால்ல தொலைஞ்ச காயினுக்கு யார் விலை சொல்றது?

பழைய ஸ்டாம்ப், காயின், ட்ரேடிங் கார்டுன்னு சின்ன அளவுல வித்து தபால்ல அனுப்புறவங்க கிட்ட பேச்சு குடுத்தா கடைசில எல்லாரும் ஒரே புலம்பல்ல தான் வந்து நிப்பாங்க. பார்சல் போச்சு, கிளெய்ம் போட்டேன், கைக்கு வந்தது சில்லறைக் காசு. உடனே தபால்காரங்களத் திட்ட ஆரம்பிச்சிடுவாங்க. திட்டுறதுல பாதி நியாயம் இருக்கலாம், ஆனா நான் கேள்விப்பட்ட வரைக்கும் முக்கால்வாசி கிளெய்ம் தோக்குறது பார்சல் தொலைஞ்ச அப்புறம் இல்ல, கவுண்டர்ல ஒட்டிக் குடுக்கும்போதே.

முதல்ல ட்ராக்கிங் நம்பர் இருந்தா பாதுகாப்புன்னு நினைக்கிறதை விடுங்க. ட்ராக்கிங்ங்கிறது பொருள் எங்க இருக்குன்னு சொல்லும், தொலைஞ்சா காசு தரேன்னு சொல்லாது. வெளிநாட்டுக்குப் போற பார்சல்ல ஒட்டுற 13 எழுத்து நம்பர் இருக்கே, முன்னாடி ரெண்டு எழுத்து, நடுவுல 9 இலக்கம், கடைசில நாட்டுக்கு ரெண்டு எழுத்து, அதுல முதல் எழுத்தப் பாருங்க. R-ன்னா ரெஜிஸ்டர்ட், V-ன்னா இன்ஷூர்ட், U-ன்னா சாதா தபால். சாதா தபால் தொலைஞ்சா பொதுவா யாருக்கும் பொறுப்பு கிடையாது, அவ்ளோதான்.

ரெஜிஸ்டர்ட்ல போட்டா நஷ்டஈடு உண்டு, ஆனா உச்சவரம்போட. வெளிநாட்டு தபாலுக்கு நாடுகள் சேர்ந்து விதி போடுற உலக அஞ்சல் ஒன்றியத்தோட கணக்குப்படி ஒரு ரெஜிஸ்டர்ட் தபாலுக்கு 30 எஸ்டிஆர், அதாவது சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) வச்சிருக்கிற கணக்கு யூனிட்ல 30. உள்ள இருந்தது நூறு வருஷப் பழைய அரிய ஸ்டாம்பா இருந்தாலும் அதே வரம்பு தான். முழு மதிப்பு வேணும்னா இன்ஷூர்ட்ல மதிப்பு எழுதி அனுப்பணும். இதுல காயின் விக்கிறவங்களுக்கு இன்னொரு பொறி இருக்கு. காயின், கரன்சி நோட்டு, தங்கம், வெள்ளி இதையெல்லாம் இன்ஷூர் பண்ணாத தபால்ல வைக்கறதுக்கே அந்த ஒன்றியத்தோட விதியில தடை இருக்கு (சில நாடுகள் ரெஜிஸ்டர்ட்ல அனுமதிக்குது, உங்க ஊர் விதியப் பாத்துக்கோங்க). தடை இருக்கிறத உள்ள வச்சு அனுப்பிட்டு கிளெய்ம் கேட்டா நீங்களே உங்க மேல புகார் எழுதிக் குடுத்த மாதிரி.

சரி, இன்ஷூர் பண்ணியாச்சு, தொலைஞ்சும் போச்சு. இப்ப விலை யார் சொல்றது? இங்க தான் சேகரிக்கிறவங்க மனசும் தபால் ஆபீஸ் மனசும் முட்டிக்கும். நமக்கு கேட்டலாக் விலை (சேகரிக்கிறவங்களுக்கான விலைப் புத்தகத்துல போட்டிருக்கிறது), இன்னும் அஞ்சு வருஷத்துல என்ன ஆகும், எவ்ளோ கஷ்டப்பட்டுத் தேடினோம் எல்லாம் சேர்ந்தது தான் மதிப்பு. அவங்களுக்கு அனுப்பின அன்னைக்கு, அனுப்பின இடத்துல, அதே மாதிரி பொருள் என்ன விலைக்குப் போகுமோ அது மட்டும் தான், வரப்போற லாபமெல்லாம் கணக்குல வராது. அதனால கேட்டலாக் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து அனுப்புறத விட வாங்கினவர் காசு கட்டின ரசீது பத்து மடங்கு வேலை செய்யும். தாத்தா குடுத்தது, ஃப்ரெண்ட் கிட்ட மாத்திக்கிட்டது, நமக்கு பில்லே கிடையாதுன்னா அதே கிரேடுல (பொருளோட நிலைமைக்குக் குடுக்கிற தர மதிப்பு) சமீபமா வித்த பொருளோட ஏல முடிவுகள எடுத்து வைங்க. ரெண்டு பக்கமும் போட்டோ, கிரேடிங் பண்ணினதுன்னா அந்த சர்டிஃபிகேட் நம்பர் தெரியுற மாதிரி போட்டோ, பேக் பண்ணும்போது ஒண்ணு, எடை காட்டுற தராசோட ஒண்ணு. சொன்னா சலிச்சுக்குவாங்க, ஆனா பொருள் போன அப்புறம் போட்டோ எடுக்க முடியாது.

அப்புறம் அந்த கஸ்டம்ஸ் ஃபார்ம். "கிஃப்ட்னு போட்டு விலையக் கம்மியா எழுதுங்க, வரி மிச்சமாகும்"னு வாங்குறவர் நைஸா கேப்பாரு. நான் முடியாதுன்னு சொல்லிடுவேன், வியாபாரம் போனாலும் பரவாயில்ல. பொய் டிக்ளரேஷன்ங்கிறது ஒரு பக்கம், வரி மிச்சம் அவருக்கு, பார்சல் போனா அந்தக் கம்மி விலை உங்க கையெழுத்தோட உங்க தலையில தான் விழும். அதே நேரம் வேணும்னே அதிகமா எழுதி இன்ஷூர் பண்ணினாலும் மோசடின்னு மொத்த கிளெய்மும் போயிடும்.

நேரமும் முக்கியம். வெளிநாட்டு தபாலுக்கு அனுப்பின மறுநாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள விசாரணை கேட்கணும், உள்நாட்டுல ஊருக்கு ஊர் விதி வேற, அத முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. "இன்னும் ஒரு வாரம் பாப்போம் சார்"னு நல்லவங்களா இருந்து இருந்தே கெடுவ விட்டவங்க நிறைய. நஷ்டஈடு கேட்கிற உரிமை அனுப்பினவருக்குத் தான், வாங்கினவர் கேட்கணும்னா நீங்க எழுதிக் குடுக்கணும். அவருக்கு ரீஃபண்ட் பண்ணிட்டீங்கன்னா அந்த ஆதாரத்தையும் ஃபைல்ல சேத்துடுங்க.

விலை கம்மியான கார்டுக்கெல்லாம் இவ்ளோ மெனக்கெடணுமான்னா, வேணாம்னு தான் சொல்வேன். ஒவ்வொரு பார்சலுக்கும் கொஞ்சம் காசுன்னு தனியா எடுத்து வச்சா எப்பயாவது ஒண்ணு போறப்ப அதுலயே சரிகட்டிக்கலாம், ஃபார்ம் நிரப்புற நேரமாவது மிச்சம்.

காசு வந்த அப்புறம் பார்சல் கிடைச்சிடுச்சுன்னா? அதுவும் நடக்கும். விதிப்படி உங்களுக்குத் தகவல் சொல்லி 3 மாசம் வச்சிருப்பாங்க, வாங்கின நஷ்டஈட்டத் திருப்பிக் கட்டினா பொருள் உங்களுக்கு. சாதாரணமா கிடைக்கிற ஐட்டம்னா நான் காசையே வச்சுப்பேன், மறுபடி தேடினாலும் சிக்காததுன்னா யோசிக்காம கட்டிட்டு வாங்கிடுவேன்.