அத்தை தோண்டிய ஊற்று

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. பள்ளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அத்தைதான் வந்து நிற்கிறார். பாம்பனில் என்னோடு படித்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு, திண்ணையில் மண்பானை. மதிய மணி அடித்ததும் தண்ணீர் குடிக்க ஓடுவோமே, அந்த வீடு. தண்ணீரைவிடப் பனங்கிழங்குக்காக ஓடியவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம்.

1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை மண்டபத்திலிருந்து வரும் சார்களுக்கு ரயிலை விட்டால் வேறு வழியில்லை. காற்று மிஞ்சினால் வண்டியை அக்கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். அத்தை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடுவார்: "கணக்கு சார் வர மாட்டாருய்யா, மெதுவாச் சாப்பிடு." தப்பியது குறைவு.

காற்றை அவர் படித்தது தனுஷ்கோடியில். அங்கேதான் வாழ்க்கைப்பட்டார். 1964 டிசம்பரில் புயல் அடித்த ராத்திரி அத்தை பாம்பனில், தாய்வீட்டில் இருந்தார். மாமா தனுஷ்கோடியில் இருந்தார். புயலில் உடைந்த ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டார்கள். தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவே இல்லை.

மாமாவைப் பற்றி அத்தை பேசி நான் கேட்டதில்லை. பேசியதெல்லாம் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றித்தான். கடலுக்குப் பத்தடி தள்ளி மணலைக் கையாலேயே பறிக்க வேண்டும். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும். அப்புறம் அவசரப்படக் கூடாது. கலங்கல் அடங்கும்வரை குந்தியிருந்து, சிரட்டையால் மேலாக்க மொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் தோண்டலாமே என்று ஆசைப்பட்டால் உப்பு ஏறிவிடும்.

எண்பது தாண்டியதும் மறதி வந்தது. ஆஸ்பத்திரியில் "வயசாச்சுல்ல" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். அந்த வீட்டுக்குக் கடிகாரமே ரயில் சத்தம்தான். அது நின்றதும் அத்தைக்கு மறுபடியும் 1964 ஆகிவிட்டது. நான் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பார்: "பாலம் போயிருச்சாமே, ஒங்க மாமா எப்படிய்யா வருவாரு?" எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய காதும் வெள்ளை முடியும்தான். கூட இருந்து குளிப்பாட்டி, ஊட்டி, திட்டு வாங்கியது எல்லாம் மதினி. நான் பணம் அனுப்பினேன்.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது அத்தை இல்லை.

அதற்கு முந்தைய வருடம் பத்து நாள் லீவில் போயிருந்தேன். படுத்தபடியே வலது கையால் போர்வையைப் பறித்துக்கொண்டிருந்தார். அரிக்கிறது போல என்று மதினி எண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கை நின்றது. "கலக்காத. அடங்கட்டும்" என்றார். சரி என்று நானும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, டம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து வாயில் வைத்தேன்.

"ஊத்துத் தண்ணி அத்தை. தனுஷ்கோடியில எடுத்தது."

ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். அப்புறம் மதினி பக்கம் திரும்பி, "பொய் சொல்றான். குழாய்த் தண்ணி" என்றார்.