பேரேட்டில் ‘கிளியான்’ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள்

செட்டிநாட்டில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் நல்ல விலைக்குப் போகின்றன, இரும்புப் பெட்டியில் கிடக்கும் பேரேடும் புரோநோட்டும் எடைக்குப் போகின்றன. எனக்கு இது தாங்கவே முடியவில்லை, ஏனென்றால் மலாயா மலைகளில் யார் எங்கே வெள்ளீயம் தோண்டினார்கள் என்பது அந்தத் தாள்களில் இருக்கிறது.

எங்கள் ஐயா மலாயாவின் தைப்பிங் ஊரில் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்கு, போனவர். அவர் காலத்துப் புரோநோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, ஸ்டாம்பு மேல் சீன எழுத்தில் கையெழுத்து, கடன் வாங்கியவர் ஊர் மட்டும் பெட்டியடிப் பையனின் (கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகுகிறவன்) கோணல் கையெழுத்தில்: கிளியான் இந்தான். மேப்பில் தேடினால் இன்றைக்கும் அதே பெயரில், மலேசியாவின் பேராக் மாநிலத்து வடகோடியில், தாய்லாந்து எல்லை மலையை ஒட்டி இருக்கிறது, இன்றும் அங்கே வெள்ளீயம் எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்து மலாயில் கிளியான் என்றாலே சுரங்கம்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஐயா இருந்த ஊரே வேறு மாதிரி தெரிந்தது. தைப்பிங்கின் பழைய பெயர் கிளியான் பாவ், பக்கத்துக் கமுந்திங் கிளியான் பாரு, அதாவது புதுச் சுரங்கம். தைப்பிங் இருக்கும் லாருட் பகுதியின் வெள்ளீயத்துக்காகச் சீனர்களின் கீ ஹின், ஹை சான் கூட்டங்கள் 1861-லிருந்து மாறி மாறி வெட்டிக்கொண்டு செத்தன. 1874-இல் ஆங்கிலேயர் தலையிட்டுப் பங்கோர் ஒப்பந்தம் வந்து சண்டை ஓய்ந்ததும் ‘பேரமைதி’ என்று சீனத்தில் பெயர் வைத்தார்கள், அதுதான் தைப்பிங். சுரங்கத்தைச் சொன்ன பெயர் போய், சுரங்கத்துக்காக நடந்த சண்டை முடிந்ததைச் சொல்லும் பெயர் வந்துவிட்டது. 1885-இல் மலாயாவின் முதல் ரயில் அங்கிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியதும் இந்த ஈயத்தை ஏற்றத்தான்.

தெற்கே கோலாலம்பூர் பக்கத்து அம்பாங்கும் அப்படித்தான், சுரங்கத் தண்ணீருக்குக் கட்டிய அணையால் வந்த பெயர்.

மேப்பில் இப்படி மிஞ்சிய பெயர்கள் கொஞ்சம்தான். மாறிப்போன பெயர்கள், பெயரே இல்லாமல் காட்டுக்குள் போய்விட்ட குழிகள் எல்லாம், கடன் கொடுத்த நம் ஆட்கள் விலாசம் எழுதி வைத்த இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், வசூலுக்குப் போகிறவனுக்கு ஊர் தெரிந்தாக வேண்டுமே! அதனால் பேரேட்டைக் கடைக்குப் போடும் முன் ஊர்ப்பெயர் உள்ள பக்கங்களையாவது தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். தமிழ் எண்ணும் சுருக்கெழுத்தும் புரியாவிட்டால் பரவாயில்லை, படித்துச் சொல்ல வயதானவர்கள் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.