இரண்டாவது கம்மல்

“தம்பி, இப்படித் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கம்மல் தெரியாதே” என்று, படம் எடுத்துக்கொள்ள வந்த அந்த அம்மா கேட்டது நியாயம்தான். நான் சொன்ன பதிலும் நியாயம்தான். பிறகு ஏன் அந்தப் பேச்சு என்னை விடமாட்டேன் என்கிறது?

நேராக உட்காரவைத்து நேராகப் பார்க்கச் சொல்லி எடுத்தால் எங்கள் கடையில் அது பாஸ்போர்ட் படம். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டும் படத்துக்கு உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தோள்கள் இரண்டும் கேமராவைப் பார்த்திருந்தால் ஆள் கதவுபோல் அகலமாகத் தெரிவார். முகம் திரும்பியிருக்கும் பக்கத்தில் விளக்கை வைத்தால், கேமராவுக்கு அருகிலுள்ள கன்னம் நிழலில் அடங்கி முகம் மெலியும். தாடையை முன்னே நீட்டி, பிறகு கொஞ்சம் இறக்கச் சொன்னால் கழுத்துச் சதை காணாமல் போகும். தள்ளி நின்று எடுக்க வேண்டிய 85 மி.மீ. லென்ஸ்தான் நான் வைத்திருப்பது. பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை கொடுப்பவனுக்கு அந்த லென்ஸ் என்றால் முதுகு சுவரில் இடிக்கும். ஆனாலும் கிட்டே போகமாட்டேன். கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும். அதற்குப் பலரும் அகலக் கோண லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் தூரம் குறைவதுதான் காரணம்.

அந்த அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? காசிமேட்டில் மீன் விற்கிறவர். புது வீட்டில் மாட்டுவதற்கென்று மகன் அழைத்துவந்திருந்தான். “இரண்டையும் சேர்த்துத்தான் மீட்டேன். படத்தில் ஒன்று மட்டும் இருந்தால், இன்னொன்று இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது என்று நினைக்கமாட்டார்களா?” என்றார். மகன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பார்க்கிறவர்கள் கண்ணைத்தான் அம்மா பார்ப்பார்கள், கம்மலை யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றேன். தொழில்படி இது சரி. கண் தெளிவாக இருந்து, விளக்கின் புள்ளி அதில் விழுந்தால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய வாக்கியமா என்பது வேறு.

இரண்டு விதமாகவும் எடுத்தேன். நேராக எடுத்தபோது நான் எதுவும் சொல்லவே தேவைப்படவில்லை. தலைமுடியை இரண்டு காதுக்குப் பின்னும் ஒதுக்கினார், கம்மலில் சிக்கியிருந்த முந்தானை நூலை எடுத்துவிட்டார், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். திரையில் இரண்டையும் காட்டியதும் மகன் திருப்பி எடுத்த படத்தைத் தொட்டான். பணம் கொடுப்பவன் அவன். அவர் என்னைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியாததா, தம்பி” என்றார்.

அது சம்மதமா, சலிப்பா? சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தொழில் தெரிந்தவன் சொல்வதைக் கேட்கத்தானே ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள்? கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொடுக்கக் கைப்பேசி போதும். இப்படிச் சொல்லி முடித்த கையோடு, நம் வீடுகளில் தொங்கும் பழைய படங்கள் நினைவுக்கு வருகின்றன. தாத்தாவும் பாட்டியும் நேரே உட்கார்ந்து, சேலைக் கரை, வாட்ச், செருப்பு எல்லாம் தெரிய. எடுத்தவருக்கு ரசனை போதாது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உட்கார்ந்தவர்கள் எதைக் காட்ட வந்தார்களோ அதை அவர் விடாமல் எடுத்திருக்கிறார் என்றும் சொல்லலாம். ஆனால் படமாகப் பார்த்தால் அவை தட்டைதான். அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கம்மல் போட்டு வருகிறவர்களைக் கொஞ்சம் குறைவாகத் திருப்புகிறேன், அந்தப் பக்கத்துக் காதின் ஓரமாவது தெரியும்படி. விளக்கை மாற்றி வைத்ததால்தான் என்று கடைப் பையனிடம் காரணம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை.

அந்த நேர்ப்படத்தை அழிக்கவில்லை. மகன் கேட்கமாட்டான், அப்படியொன்று எடுத்ததே அவனுக்கு நினைவிருக்காது. அம்மா வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். பிரிண்டுக்குக் காசு வாங்குவதா வேண்டாமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.