கல்விக்கடன், வருகைப்பதிவு, என்சிசி: டெல்டா மாணவர்களுக்கான கணக்கு

டெல்டாவில் கல்லூரிக் கட்டணம் கேட்கும் நேரமும் வீட்டில் காசு புழங்கும் நேரமும் ஒத்துவருவதே இல்லை. ஜூன், ஜூலையில் கட்டணம் கேட்பார்கள். அப்போது மேட்டூர் திறந்து, குறுவை நடவுக்கே கைமாற்று வாங்கிக்கொண்டிருப்போம். கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்குக் காசு ஏற பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். நடுவில் நகை அடகுக்குப் போகிறது. அதனால் கல்விக்கடன் வேலையை பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு தொடங்கிவிட வேண்டும்.

முதலில் இ-சேவை மையம். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் ஒன்றாகவே விண்ணப்பிக்கலாம். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் இரண்டாவது கிடைக்காது. கிடைத்தாலும் பொறியியலில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை. கடனுக்கு அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயரில் உள்ள டிராக்டர் கடன் தவணை தப்பியிருந்தால் சிபிலில், அதாவது கடன் வரலாற்றுப் பதிவில் தெரியும், வங்கி தயங்கும். அதை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்யுங்கள். 4 லட்சம் வரை பொதுவாக அடமானமும் கேட்பதில்லை, கைக்காசும் கேட்பதில்லை. "உங்க ஊர் எங்க கிளைக்கு வராது" என்று திருப்பி அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். கல்விக்கடனை அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருக்கிறது.

வட்டியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். படிக்கும் காலமும் முடித்தபின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், உண்மைதான். ஆனால் வட்டி நிற்காது. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு, 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் 4 லட்சம் 5.4 லட்சமாகியிருக்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டிவந்தவருக்கு அதே தவணை 5,300-க்குள் முடிந்துவிடும்.

முதலாண்டு வட்டி மாதம் 833 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் 1,000 ரூபாய் அதற்குப் போதும். செல்போன் தவணைக்குப் போகும் பணம் இங்கே போகட்டும். இரண்டாம் ஆண்டு 1,667, நான்காம் ஆண்டு 3,333. முழுவதும் முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டுங்கள். கவுன்ட்டரில் கடன் கணக்கு எண்ணைச் சொல்லிக் கட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கில் போட்டால் அங்கேயே கிடக்கும். படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்கு 1 சதவீதம் குறைக்கும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு. கடன் அனுமதிக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி படிப்பவராக இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு முதலில் முயலுங்கள். கிடைத்தால் தவணை தொடங்கும்வரையிலான வட்டியை அரசே கட்டும். வருமானச் சான்றைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, கிளையில் பதிவேற்றிவிட்டார்களா என்று கேட்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியமும் போய்விடும்.

இனி வகுப்புக்கு வெளியே. என்சிசி (தேசிய மாணவர் படை), என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) இரண்டிலும் சேர முடியாது, ஒன்றைத்தான் எடுக்கலாம். காவல், ராணுவம் பக்கம் எண்ணம் இருந்தால் யோசிக்காமல் என்சிசி. 'சி' சான்றிதழுக்கு மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வில் 5 சதவீத ஊக்க மதிப்பெண் உண்டு, 'பி'க்கு 3. 'சி'யில் பி கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரிப் பணிக்கான நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கலாம். என்எஸ்எஸ் சான்றிதழுக்கு இரண்டாண்டில் 240 மணி நேரமும் ஒரு 7 நாள் முகாமும் வேண்டும். மணிக்கணக்கை முடித்துவிட்டு முகாமுக்குப் போகாமல் சான்றிதழை இழப்பவர்கள் அதிகம்.

எதில் சேர்வது என்பதை உண்மையில் முடிவு செய்வது கடைசி பஸ்தான். மாலை ஆறு மணிக்கு மேல் ஒத்திகை நடக்கும் கலைக்குழு, மன்னார்குடி தாண்டி உள்கிராமத்துக்குப் போகிறவருக்குச் சரிவராது. தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சிகள் பல கல்லூரிகளில் கால அட்டவணைக்குள்ளேயே வருகின்றன, தனி நேரம் வேண்டாம்.

வருகைப்பதிவுக்கு ஒரு கணக்கு. செமஸ்டரில் 90 வேலைநாள், 75 சதவீதம் கட்டாயம் என்றால் கையில் இருப்பது 22 நாள். பயிற்சி முகாமுக்கு 10, கருத்தரங்கு, போட்டிகளுக்கு 4, அறுவடை, கோயில் திருவிழா, காய்ச்சலுக்கு மீதி 8. ஓடி (ஆன் டியூட்டி) கடிதத்தை முகாமுக்கு முன்பே துறைத்தலைவரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். செமஸ்டர் கடைசியில் கொண்டுபோனால் பதிவேட்டில் ஏறாது.

அடுத்த ஆண்டுப் பணத்தை விடுவிக்க வங்கி மதிப்பெண் பட்டியலும் கல்லூரியின் கட்டணக் கடிதமும் கேட்கும். அரியர் இருந்தால் இழுபடும். அதனால் வகுப்புக்கு வெளியே பொறுப்பு ஒன்று போதும். சங்கத்தில் பொருளாளர் பதவி கிடைத்தால் விடாதீர்கள்: வரவு செலவுத் தாள், ரசீது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற விவரம் எல்லாம் நேர்முகத்தில் காட்டக்கூடியவை. பங்கேற்புச் சான்றிதழ் கட்டாகவே இருந்தாலும் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இறுதியாண்டில், தவணை தொடங்கும் தேதியை வங்கியில் எழுத்தில் வாங்கி, சென்னைக்கோ ஓசூருக்கோ போகும்முன் கைபேசி எண்ணையும் முகவரியையும் மாற்றிக்கொடுங்கள். வேலைக்குப் போனதும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால், கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டு வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வங்கியின் வட்டிச் சான்றை மார்ச்சுக்குள் கேட்டு வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.