ஒரே கடவுச்சீட்டு, மூன்று வாக்காளர் பட்டியல்கள்: நியூ கலிடோனியாவில் பணியேற்ற அனுபவம்

தென்மேற்குப் பசிபிக்கில் உள்ள பிரெஞ்சுப் பிரதேசமான நியூ கலிடோனியாவின் வட மாகாணத் தலைமையிடமான கோனேயில், 2019 பிப்ரவரி முதல் 2022 டிசம்பர் வரை, அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பத்தில் பிறந்து, பாரீசுக்கு அருகே பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்வதற்கும், சேர்ந்த பிறகு அங்கே குடியிருப்பவனாகப் பதிவு பெறுவதற்கும் கடக்க வேண்டியிருந்த அலுவலக நடைமுறைகளை இங்கே எழுதுகிறேன். அந்தப் பிரதேசம் எப்படி ஆளப்படுகிறது, எதைக் கொண்டு வாழ்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியவை அந்தப் படிவங்கள்தாம்.

முதலில் விண்ணப்பம். நியூ கலிடோனியாவுக்குப் போகும் ஆசிரியர் பிரெஞ்சு அரசின் ஊழியராகவே நீடிக்கிறார். சம்பளத்தையும் அரசே தருகிறது. ஆனால் நடுநிலை, மேல்நிலைக் கல்வியின் பொறுப்பு 2012 முதல் அந்தப் பிரதேசத்திடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதால், அவர் அயற்பணியாளராகவே அங்கே அனுப்பப்படுகிறார். காலவரம்பு ஈராண்டு, ஒருமுறை மட்டும் நீட்டிக்கலாம். 1996ஆம் ஆண்டின் அரசாணை இந்த வரம்பை விதிக்கிறது. தம் வாழ்வின் மையம் அந்தத் தீவுதான் என்று ஆவணங்களால் மெய்ப்பிக்கக்கூடியவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. பணியிடங்களிலும் அவர்களுக்கே முன்னுரிமை. பிறந்த ஊர், பெற்றோர் வாழும் வீடு, படித்த பள்ளி, சொத்து என்று அதற்கான சான்றுகள் நீளும். படிவத்தின் அந்தப் பகுதியில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. எனவே தலைநகர் நூமேயாவில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், உள்ளூர் விண்ணப்பதாரர்கள் குறைவாக உள்ள வடக்கு ஊர்களை விருப்பப் பட்டியலில் முன்னே வைத்தேன்.

அங்கே பள்ளியாண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆகையால் பிரான்சிலிருந்து போகிறவர் தம் வகுப்புகளை ஆண்டின் நடுவிலேயே விட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். சம்பளத்துக்கு ஒரு பெருக்கெண் உண்டு: நூமேயாவிலும் அதை அடுத்துள்ள மூன்று நகராட்சிகளிலும் 1.73, மற்ற ஊர்களில் 1.94. உணவுப் பொருள்கள் பெரும்பாலும் கடல் கடந்து வருவதால் விலைவாசி கடுமையாக இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் பிரான்சிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு வந்து போகிறவரின் சம்பளத்துக்கும் அதே ஊரில் பிறந்து கடையிலோ பண்ணையிலோ உழைப்பவரின் கூலிக்கும் இடையே இந்தப் பெருக்கெண் உண்டாக்கும் தொலைவு பெரிது. கடைத்தெருவிலும் வீட்டு வாடகையிலும் அது தெரிகிறது. அந்தப் பெருக்கெண்ணை நானும் பெற்றேன். அது நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தொந்தூத்தா விமான நிலையத்தில் இறங்கியதுமே எல்லை தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய நாடுகளிடையே எல்லைச் சோதனையின்றிப் பயணிக்க உதவும் ஷெங்கன் பகுதியில் நியூ கலிடோனியா இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பிலும் சேர்ந்ததல்ல. பிரெஞ்சுக் குடிமகனுக்கு விசா தேவையில்லை என்றாலும் சுங்கமும் உயிரிப் பாதுகாப்புச் சோதனையும் வேறு நாட்டுக்குள் நுழைவது போலவே நடக்கின்றன. கடுகு, வெந்தயம், தனியா என்று முளைக்கும் திறனுள்ள விதைகள் அனைத்தையும் நாங்கள் அறிவிப்புப் படிவத்தில் எழுதியிருந்தோம். அதிகாரி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தார். பொடித்தவற்றைத் திருப்பிக் கொடுத்தார், முழு விதைகளை எடுத்துக்கொண்டார். அதைக் கெடுபிடி என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தீவின் தாவரங்களில் பெரும்பகுதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. அதைச் சுற்றியுள்ள பவளக் கடற்கழிகள் 2008 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கின்றன.

அடுத்தது பணமும் மருத்துவக் காப்பீடும். அங்கே யூரோ செல்லாது. பசிபிக் பிராங்க் புழங்குகிறது, அதன் மதிப்பு ஒரு யூரோவுக்கு 119.33 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. பிரான்சில் எல்லா மருந்தகங்களும் ஏற்கும் மருத்துவ அட்டைக்கு அங்கே பயனில்லை. காஃபாட் என்ற உள்ளூர்ச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் குடும்பத்தோடு புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். வருமான வரியையும் அந்தப் பிரதேசமே தன் சட்டப்படி விதித்து வசூலிக்கிறது. 2018 அக்டோபரில் பொது நுகர்வு வரி முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்ததால், நாங்கள் போன சமயத்தில் கடைக்காரர்களே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு, நாணயம், நீதி, பொது ஒழுங்கு, வெளியுறவு ஆகியவை பாரீசின் கையில் உள்ளன. அன்றாட வாழ்வைத் தொடும் ஏனைய அதிகாரங்கள் பெரும்பாலும் நியூ கலிடோனியாவின் அரசாங்கத்திடமும் மூன்று மாகாணங்களிடமும் உள்ளன. இந்தப் பிரிவினையைப் பாடநூலில் படிப்பதைவிட, எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று அலைந்தபோதுதான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

என் மனைவி கணக்காளர். அவரும் பிரெஞ்சுக் குடிமகள்தான். ஆனால் 2010ஆம் ஆண்டின் உள்ளூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி, தனியார் வேலைகளில் முதல் உரிமை, பிரெஞ்சுக் குடியுரிமைக்குள்ளேயே தனித் தகுதியான நியூ கலிடோனியக் குடியுரிமை பெற்றவர்களுக்கு; அவர்களுக்குப் பின் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு. எந்தத் தொழிலில் உள்ளூர் ஆட்கள் போதிய அளவில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, தேவையான குடியிருப்புக் காலம் பத்தாண்டு வரை போகிறது. எனவே விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் பட்டத்தையும் அனுபவத்தையும் கேட்பதற்கு முன்பே, எப்போதிருந்து இங்கே வாழ்கிறீர்கள் என்று கேட்டார்கள். தகுதியுள்ள உள்ளூர் ஆள் எவரும் கிடைக்காத ஒரு சிறு நிறுவனத்தில், வெகுநாள் கழித்தே அவருக்கு வேலை அமைந்தது. அந்தக் காத்திருப்பு அவருக்குக் கடினமாக இருந்தது. ஆயினும் அந்தச் சட்டம் வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கோனேயில் எங்கள் பக்கத்து வீட்டு இளைஞர்கள் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்ததை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சிந்திக்க வைத்தது வாக்காளர் பதிவு. புதுச்சேரியில் நாங்கள் மேரி என்று சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்கு, கோனேயில் மார்ச் மாதம் முகவரிச் சான்றுடன் போனேன். அங்கே பொதுப் பட்டியல், பிரான்சிலிருந்து பிரிவதா என்று மக்களைக் கேட்கும் சுதந்திர வாக்கெடுப்புக்கான சிறப்புப் பட்டியல், மாகாணத் தேர்தலுக்கான சிறப்புப் பட்டியல் என மூன்று இருந்தன. பொதுப் பட்டியலில் என் பெயரை உடனே எழுதிக்கொண்டார்கள். மாகாணப் பட்டியலின் படிவத்தில், 1998 நவம்பர் 8ஆம் தேதிக்கு முன் இங்கே குடியிருந்தீர்களா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதால், அதோடு அது முடிந்தது. சுதந்திர வாக்கெடுப்புப் பட்டியலின் விதிகளும் என்னைப் போல் அண்மையில் வந்தவனுக்கு இடம் தரவில்லை. அந்த ஆண்டு மே 12 அன்று மாகாணத் தேர்தல் நடந்தபோது என்னால் வாக்களிக்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து, மே 26 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அதே ஊரில் வாக்களித்தேன். பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். நான் பணிபுரியும் பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும் மாகாண அவைக்கு முடியாது.

படிவம் கேட்ட 1998 நவம்பர் 8 என்ற அந்தத் தேதி தற்செயலானதல்ல. 1853இல் பிரான்ஸ் இந்தத் தீவைக் கைப்பற்றியது. 1864 முதல் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றியது. தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்களை நிலத்திலிருந்து அகற்றி ஒதுக்கிடங்களில் அடைத்தது. நிக்கல் விலை உயர்ந்த காலத்தில் புதிய குடியேற்ற அலை வந்தது. 1972இல் பிரெஞ்சுப் பிரதமர் பியேர் மெஸ்மேர் எழுதிய கடிதம் ஒன்று, பிரான்சிலிருந்து பெருவாரியாக மக்களைக் குடியேற்றினால்தான் பூர்வகுடிகளின் தேசியக் கோரிக்கையைத் தடுக்க முடியும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் பின் 1980களின் மோதல்கள், 1988இல் ஊவேயா குகையில் நடந்த உயிர்ப்பலி, அதே ஆண்டில் அமைதிக்காகச் செய்துகொண்ட மத்தின்யோன் உடன்பாடு, மறு ஆண்டில் கனாக் தலைவர் ழான்-மாரி ஜிபாவு கொலை என்று வரலாறு போயிற்று. 1998 மே மாதத்தில், தன்னாட்சியை விரிவாக்கி சுதந்திர வாக்கெடுப்புக்கு வழிவகுத்த நூமேயா உடன்பாடு கையெழுத்தாகி, நவம்பர் 8 அன்று தீவு மக்கள் அதை வாக்களித்து ஏற்றார்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களுமே மாகாணத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2007இல் பிரெஞ்சு அரசியலமைப்பே திருத்தப்பட்டது. 2019 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 271,407. அதில் தம்மைக் கனாக் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிட்டவர்களுக்கு, ஒவ்வொரு புது வாக்காளரும் வெறும் எண்ணிக்கை அல்ல.

இதைப் புரிந்துகொள்ள என் குடும்ப வரலாறும் எனக்கு உதவியது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பிய புதுச்சேரிக்காரர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. என் தாத்தா எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி கொடுக்கவில்லை. அந்த ஒரு தாள் இரு குடும்பங்களை இரு நாடுகளின் குடிமக்களாக்கியது. ஆகவே தேதி ஒன்றை வைத்து உரிமையைப் பிரிப்பது விந்தையானது என்று என்னோடு வந்த ஆசிரியர்கள் குமுறியபோது நான் அவர்களோடு சேரவில்லை. அந்தத் தீவுக்கு 1860களில் இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனிலிருந்து கரும்புத் தோட்டக்காரர்கள் வந்தபோது, மலபார் என்று அழைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர்களும் உடன் அழைத்து வரப்பட்டார்கள் என்பதை அங்கே போன பின்தான் அறிந்தேன். அவர்களை எந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்று அன்று கேட்டவர் எவருமில்லை.

அலுவலகங்களில் இல்லாத ஒரு பதிவும் உண்டு. பள்ளி தொடங்கிய வாரத்தில் புதிய ஆசிரியர்கள் அனைவரையும் அருகிலிருந்த கனாக் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு துண்டுத் துணி, புகையிலை, சிறு பணத்தாள் ஆகியவற்றைத் தரையில் வைத்து, யார், எங்கிருந்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் பைசி மொழியில் மறுமொழி சொல்லி, அவற்றை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை எங்களிடம் ஒப்படைத்தார். கனாக் குலங்களின் வழக்காற்று நிலங்களை விற்கவோ, பிறருக்கு மாற்றவோ, கடனுக்காகப் பறிமுதல் செய்யவோ சட்டம் இடம் தருவதில்லை. கனாக் மக்களுக்குத் தனிக் குடிமை நிலையும், எட்டு வழக்காற்றுப் பகுதிகளின் பேராளர்கள் பதினாறு பேர் கொண்ட ஆலோசனைப் பேரவையும் உண்டு. நான்கு ஆண்டுகளில் நான் கொடுத்த தாள்களில், என்னை முழுதாக ஏற்றுக்கொண்டது அந்தப் பணத்தாள் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

கோனேயின் பொருளாதாரம் அதன் பின்னாலுள்ள கொனியாம்போ மலையை நம்பியிருந்தது. வவுட்டோவில் கட்டப்பட்ட நிக்கல் உருக்காலையில் 51 விழுக்காடு வட மாகாணத்தின் சுரங்க நிறுவனத்துக்கும், 49 விழுக்காடு சுவிட்சர்லாந்தின் சுரங்க நிறுவனமான கிளென்கோருக்கும் சொந்தமாக இருந்தது. செல்வமும் அதிகாரமும் நூமேயாவிலேயே குவிந்து கிடந்த நிலையை மாற்றுவதற்காக, மாகாணங்களின் நடப்புச் செலவுக்கான பங்கீட்டில் தெற்குக்கு 50, வடக்குக்கு 32, லாயல்டி தீவுகளுக்கு 18 விழுக்காடு என்று ஒதுக்கினார்கள். அந்த நோக்கத்தின் கண்கூடான வடிவம்தான் இந்த உருக்காலை. என் மாணவர்களில் பலருடைய தந்தையரோ அண்ணன்மாரோ அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால் இந்தோனேசியாவின் மலிவான நிக்கலோடு போட்டியிட முடியாமல் நட்டம் ஏறிக்கொண்டே போனது. 2024இல் கிளென்கோர் விலகியது. உலை அணைக்கப்பட்டு, ஆகஸ்டு இறுதியில் ஏறத்தாழ 1,200 பேர் வேலை இழந்தார்கள். சுதந்திரத்துக்கான பொருளாதார அடித்தளம் என்று ஒரு தலைமுறை நம்பிய ஆலை அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

வாக்குரிமை இல்லாத நிலையில் இரண்டு சுதந்திர வாக்கெடுப்புகளை அருகிருந்து பார்த்தேன். 2018இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் 56.67 விழுக்காடாக இருந்த, சுதந்திரத்துக்கு எதிரான வாக்கு, 2020 அக்டோபரில் 53.26 ஆகக் குறைந்தது. கோனேயில் அன்றிரவு மகிழ்ச்சி ஆரவாரம் நெடுநேரம் கேட்டது. 2021 டிசம்பரில், பெருந்தொற்றில் இறந்தவர்களுக்காகக் கனாக் கிராமங்கள் துக்கம் காத்திருந்த நேரத்தில், தள்ளிவைக்கும்படி கேட்டும் மூன்றாம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. சுதந்திரம் கோரும் கட்சிகள் அதைப் புறக்கணித்தன. பாதிக்கும் குறைவானோரே வாக்களிக்க, எதிர்வாக்கு 96 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த முடிவைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் திரும்பிய பின், பத்தாண்டு குடியிருந்தவர்களுக்கு மாகாணப் பட்டியலைத் திறந்துவிடும் திருத்தத்தை 2024 மே மாதம் பிரெஞ்சு தேசிய அவை ஏற்றது. கலவரம் வெடித்தது, பதினான்கு பேர் உயிரிழந்தார்கள், திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. நகராட்சி அலுவலக மேசையில் நான் நிரப்ப முடியாமல் விட்டு வந்த அந்த ஒரு வரியைப் பற்றியதே அந்தத் திருத்தம்.

இப்போது அங்கே விண்ணப்பிக்கும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்டால், திரும்பும்போது தேவைப்படுபவற்றையும் சொல்லிவிடுகிறேன். காஃபாட் தரும் காப்பீட்டுச் சான்றையும், உள்ளூர் வரித் தாள்களையும், வாடகை ஒப்பந்தத்தையும் கையோடு கொண்டுவர வேண்டும். பிரான்சில் காப்பீட்டை மீண்டும் திறக்க அவை உதவும். பொதுப் பட்டியலில் உள்ள பெயரைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டு பட்டியல்களில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது.