நான்கில் ஒன்று

மரபணு ஆலோசனையில் பாதி வேலை இந்த எண்ணைப் புரியவைப்பதுதான். அம்மா, அப்பா இருவருமே ஒரே நோயின் கேரியர்கள், அதாவது தங்களுக்கு நோய் இல்லாமலே அதற்கான மரபணுப் பிரதியைச் சுமப்பவர்கள் என்றால், பெரும்பாலும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அது வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதே, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகத்தான் குலுக்குகிறோம்.

அந்தத் தம்பதிக்கும் இதைத்தான் சொன்னேன். முதல் குழந்தையை எஸ்.எம்.ஏ. நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய் அது. கணவருக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் கேட்டார்: "அது சரி மேடம். ஆனா ஒரு தடவை எங்களுக்குக் கொடுத்தாச்சே. மறுபடியும் எங்களுக்கே கொடுத்தா நியாயமா?"

"யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை சார். இது தற்செயல். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்றேன்.

அதுவரை பேசாமல் இருந்த மனைவி நிமிர்ந்தார். "பாவத்துக்குத் தண்டனைன்னாக்கூட எங்க போய் அழணும்னு தெரியும். தற்செயல்னா யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அவரிடம் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? குற்றவுணர்வை இறக்கி வைப்பதும் என் வேலைதான். தான் ஏதோ செய்துவிட்டோம் என்று நம்பியபடியே வரும் தாய்மார்கள் எத்தனையோ பேர். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. நான் சொல்வதும் அதுவேதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை, கடவுளின் செயல் இவனிடம் வெளிப்படுவதற்காக என்று அடுத்த வரியையும் சொல்கிறார். எனக்கு அந்த அடுத்த வரி கிடையாது.

என் எதிரே உட்காருகிறவர்களில் சிலர் முன்வினை என்கிறார்கள், சிலர் இறைவனின் சோதனை என்கிறார்கள். பிறந்த குழந்தை மேலேயே பழைய பாக்கியை ஏற்றுகிற வினைக்கணக்கு எனக்குக் கொடூரமாகத்தான் படுகிறது. இருந்தும் அதில் ஒரு ஞாபகம் இருக்கிறது. 'இவர்கள் ஏற்கெனவே பட்டுவிட்டார்கள்' என்று யாரோ எங்கோ குறித்து வைத்திருக்கலாம். நான்கில் ஒன்றுக்கு அந்த ஞாபகம் இல்லை. புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று திட்டுகிறார். திட்டுவதற்காவது அவருக்கு ஒருவன் இருந்தான். அந்தப் பெண்ணிடமிருந்து அவனையும் நான் பறித்துவிட்டேனோ என்று சில நாட்களில் தோன்றும்.

வேறு சில நாட்களில் இதெல்லாம் வீண் யோசனை என்றிருக்கும். நோயைக் கொண்டுவரும் மரபணுப் பிரதி எந்தக் கருமுட்டையில், எந்த விந்தணுவில் போய்ச் சேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ எந்தப் பரிசோதனைக்கூடமும் அறிக்கை தருவதில்லை. ஆனால் நான் தற்செயல் என்று சொன்ன தொனியில் 'இல்லை' என்பதும் சேர்ந்தே ஒலித்திருக்கும்.

இத்தனைக்கும், கர்ப்பகாலப் பரிசோதனை ரிப்போர்ட் எது வந்தாலும் திறப்பதற்கு முன் நான் கும்பிட்டுக்கொள்கிறேன். கரு உருவான அன்றே தீர்மானமாகிவிட்ட விஷயம், என் வேண்டுதலால் அதில் ஓர் எழுத்துகூட மாறாது. இதைச் சொன்னபோது சக ஆலோசகர் சிரித்தார். "அப்போ நீங்களும் தற்செயலை நம்பலையா?" என்றார். நம்புகிறேன் என்றுதான் சொன்னேன். அடுத்து வந்த ரிப்போர்ட்டுக்கும் கும்பிட்டேன்.